‘ஸ்டம்பிங்’ என்ற சொல் சித்திரசூத்திரத்துக்குள் வந்த வழி

ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1920களில் கல்கத்தாவில் இருந்தபோது, விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் ஓவியம் பற்றி வரும் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ‘சித்திரசூத்திரம்’ என்று அறியப்படும் இப்பகுதி, இந்திய ஓவிய வரலாறு பயில்வோர் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கும் நூல்களுள் ஒன்று. கல்கத்தா பல்கலைக்கழகம் 1928இல் அம்மொழிபெயர்ப்பின் திருத்திய இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அதில் ஒரு சிறு சொல் வாசகர் கண்ணில் படாமலே கடந்துபோவது வழக்கம்.

ஓவியத்தில் உருவுக்குத் திரட்சி தரும் முறையை நூல் ‘வர்த்தனை’ என்கிறது. வர்த்தனை மூவகை: பத்ரஜம், ஐரிகம், பிந்துஜம். பத்ரஜம் இலைவடிவில் அமையும் கோடுகளால் நிழலிடுவது. பிந்துஜம் புள்ளிகளால் நிழலிடுவது. இடையில் உள்ள ஐரிகத்தை நூல் ‘மிக நுண்ணியது’ என்ற அளவிலேயே விளக்கிவிட்டு நகர்கிறது. அச்சொல்லின் வடிவமும் பதிப்புக்குப் பதிப்பு சிறிது மாறுபடுகிறது. கிராம்ரிஷ் ஐரிகத்துக்கு அளித்த ஆங்கிலச் சொல் ‘ஸ்டம்பிங்’.

ஸ்டம்ப் என்பது ஐரோப்பிய ஓவியக்கூடத்தின் கருவி. காகிதத்தையோ தோலையோ இறுகச் சுருட்டி, இரு முனைகளையும் கூராக்கிய கையளவுக் கோல் அது. கரிக்கோல், சாக், பென்சில் ஆகியவற்றால் இட்ட தடத்தை அக்கோலால் தேய்த்துக் கலைத்தால் கோடுகள் மறைந்து, மேகம் படர்ந்ததுபோன்ற சீரான நிழல் உருவாகும். இதற்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதவை. ஒன்று, உதிரியாக நிற்கும் வண்ணப்பொடி. மற்றொன்று, அப்பொடியைப் பற்றிக்கொள்ளும் சொரசொரப்பான காகிதம். சித்திரசூத்திரம் உருவானதாகக் கருதப்படும் நூற்றாண்டுகளில் இந்திய ஓவியர் கையில் காகிதம் இல்லை. சுண்ணம் பூசிய சுவரும் பலகையும் துணியுமே அவர்களுடைய தளங்கள். வண்ணமோ பிசினோடு குழைத்துத் தூரிகையால் தீட்டப்பட்டது. அது உலர்ந்தபின் ஒரு கோலைக்கொண்டு தேய்த்தால் வண்ணம் சிறிது உதிருமேயன்றி நிழல் பிறக்காது.

கிராம்ரிஷ் இதை அறியாதவர் அல்லர். கருவியைக் கருதாமல் விளைவைக் கருதியே, அதாவது தனித்தனிக் கோடும் புள்ளியும் தெரியாத மென்னிழலைச் சுட்டவே அச்சொல்லை அவர் ஆண்டிருக்க வேண்டும். எனினும் ‘நுண்ணியது’ என்று மட்டும் சொல்லும் வடமொழிச் சொல்லுக்கு இணையாக, தேய்த்தலைக் குறிக்கும் ஓவியக்கூடச் சொல் ஏன் அத்துணை எளிதாக முன்வந்து நின்றது என்ற கேள்வி எஞ்சுகிறது. அதற்கு விடை தேடினால் அந்நாளைய கல்கத்தாவின் கலைப்பள்ளி வகுப்பறைக்குள் நுழைய நேரும். வண்ணப் பென்சிலும் காகித ஸ்டம்பும் டர்பன்டைன் புட்டியுமாக இன்று அமர்ந்திருக்கும் மாணவருக்கும் அந்த வகுப்பறை அந்நியமானதன்று.

*

ஸ்டம்பின் பயன்பாடு ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே நன்கு வேரூன்றிவிட்டது. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘எஸ்தோம்ப்’ என்று பெயர். ஒருபக்கக் கூருடன், உள்ளே குழலாக, சுருளாகச் சுற்றப்படும் சிறிய வகைக்குத் ‘தோர்த்தியோன்’ என்று பெயர். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இன்று வழக்கமாகிவிட்டாலும் வேலையில் வேறுபாடு உண்டு. ஸ்டம்ப் மென்மையானது, அகன்ற பரப்புக்கு ஏற்றது. தோர்த்தியோன் கடினமானது; கண்ணிமை, நாசித்துளை போன்ற சிறு இடங்களுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டில் ‘சாஸ்’ என்ற பெயரில் மென்கரும்பொடிக் கட்டிகள் விற்கப்பட்டன. ஓவியர் அக்கட்டியில் ஸ்டம்பின் முனையைத் தேய்த்து, பொடி ஏறிய அம்முனையாலேயே நேரடியாகக் காகிதத்தில் நிழலை எழுதுவார். அப்போது ஸ்டம்ப் கோட்டைக் கலைக்கும் கருவி என்ற நிலையிலிருந்து உலர்ந்த தூரிகை என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறது. ஒளி விழும் இடத்தை மீட்க ரொட்டியின் உள்மாவை உருட்டி ஒற்றி எடுப்பர். ரப்பர் பென்சில் தடத்தை நீக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறித்துவைத்த பிறகும் கரிக்கோல் ஓவியத்தில் ரொட்டியின் ஆட்சி நெடுநாள் நீடித்தது.

பென்சிலின் கதை இதனோடு இணைந்தே செல்கிறது. இங்கிலாந்தின் போரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த தூய கிராபைட்டை அறுத்து மரத்தில் பொதிந்த காலம் முதலாவது. பிரிட்டனோடு போர் மூண்டு அக்கிராபைட் பிரான்சுக்குக் கிடைக்காமல் போனபோது, நிக்கோலா-ஷாக் கோந்தே 1795இல் கிராபைட் பொடியைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையில் சுட்டு எழுதுதண்டு செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. இன்றைய எச், பி வரிசைகள் அந்த விகிதத்தின் பிள்ளைகள். கிராபைட் தகடுதகடாக வழுக்கும் இயல்புடையது; ஆதலால் ஸ்டம்புக்கு இணங்கிப்போகும். கரியும் சாக்கும் பொடியாக உதிர்பவை; அவை அதைவிடவும் இணங்கும்.

*

லண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்து பிரிட்டனெங்கும் பரவிய ஓவியப் பாடத்திட்டம் 23 படிகள் கொண்டது. நேர்கோட்டில் தொடங்கி, அச்சுப்படத்தின் புறக்கோட்டைப் பார்த்து வரைந்து, கனவடிவங்களுக்கு நிழலிட்டு, பிளாஸ்டர் வார்ப்புச் சிலைகளுக்கு முன் அமர்ந்து, நெடுங்காலம் கழித்தே மனித உடலை நேரில் பார்க்கும் நிலையை மாணவர் எய்தினர். வார்ப்புச் சிலைக்கு நிழலிடுவது அதன் பெரும் தவம். சாக்கின் முனையால் புள்ளிபுள்ளியாக இட்டு, எங்கேனும் கருமை மிகுந்தால் ரொட்டிமாவால் ஒற்றி, மீண்டும் இட்டு, ஒரே படத்தில் மாதக்கணக்கில் உழைப்பார்கள். எட்வர்டு பாய்ண்டர் 1871இல் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியின் பொறுப்பை ஏற்றபோது இவ்வுழைப்பை வீண் என்று கண்டித்து, பிரெஞ்சு முறையை ஒட்டி உயிருள்ள உருவை விரைவாக வரைவதை முன்னிறுத்தினார். புள்ளியிடலின் இடத்தில் ஸ்டம்ப் வந்தபோது காலம் மிச்சமாயிற்று. ஆனால் தேர்வாளர் எதிர்பார்த்த விளைவு மாறவில்லை. வழுவழுப்பான, கைத்தடம் தெரியாத நிழலே இரண்டு முறைகளுக்கும் இலக்கு.

இந்தப் பாடத்திட்டமே இந்தியக் கலைப்பள்ளிகளுக்கும் கப்பலேறி வந்தது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய பள்ளி, 1854இல் கல்கத்தாவில் எழுந்த தொழிற்கலைப்பள்ளி, 1857இல் பம்பாயில் தொடங்கிய ஜே.ஜே. பள்ளி, 1875இல் லாகூரில் லாக்வுட் கிப்லிங்கின் தலைமையில் அமைந்த மேயோ பள்ளி ஆகிய நான்கும் தத்தமக்கெனத் தனிப்போக்கு உடையவை. நான்கையும் ஒரே வார்ப்பென்று சொல்வது பிழையாகும். சென்னை கைத்தொழிலிலும் லாகூர் பஞ்சாபி அலங்காரக் கலைகளிலும் மனம் வைத்தன. ஆயினும் ஓவிய வகுப்பு என்று வரும்போது புறக்கோடு, மாதிரிவடிவம், நிழல், வார்ப்புச்சிலை என்ற வரிசை எங்கும் நிழலாடியது. தமிழ்நாட்டில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளின் ஓவியப் பிரிவில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’ என்று நிலைத்துவிட்ட தாள்களின் பெயர்கள் அந்த வரிசையின் எச்சங்கள்.

இங்கே நிழல் ஒரு பாடம் என்ற அளவில் நிற்கவில்லை. 1870களில் வங்கத்தின் துணைநிலை ஆளுநராக இருந்தவரும், 1876இல் கல்கத்தா கலைப்பள்ளியோடு ஓர் ஓவியக்கூடம் அமையக் காரணமாயிருந்தவருமான ரிச்சர்டு டெம்பிள், பொருள்களைச் சரிவர வரைவது இந்தியர் முந்தைய காலங்களிலெல்லாம் கற்றறியாத ஒன்று என்றும், அதனைக் கலைப்பள்ளிகள் கற்பிக்கும் என்றும் கருதினார். ஒளியும் நிழலும் தொலைவுக்காட்சியும் இல்லை என்பதே இந்திய ஓவியத்தின்மீது அந்நாளில் மீண்டும் மீண்டும் சுமத்தப்பட்ட குறை. எனவே வார்ப்புச்சிலையின் கன்னத்தில் ஒளியிலிருந்து இருளுக்குப் படி தெரியாமல் இறங்கும் சாம்பல்நிறத்தை எழுதிக்காட்டிய மாணவர், தம் பார்வை பண்பட்டது என்பதற்கான சான்றிதழையும் சேர்த்தே பெற்றார். நில அளவைத் துறை, பொதுப்பணித் துறை, பள்ளி ஓவிய ஆசிரியர் பணி, நூல்களுக்குப் படம் வரையும் பணி ஆகியவற்றுக்கு அச்சான்றிதழ் வழிதிறந்தது. ராஜேந்திரலால் மித்ரா ஒரிசாவின் தொல்பொருள்களைப் பற்றி எழுதிய பெருநூலுக்குக் கல்கத்தா கலைப்பள்ளி மாணவர்களே படம் வரைந்தனர். 1878இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ, அப்பள்ளியில் பயின்றோரின் திறனைக் கடவுள் படங்களுக்குத் திருப்பியது. சிவனுக்கும் காளிக்கும் வார்ப்புச்சிலையின் கன்னநிழல் கிடைத்தது அவ்வழியேதான்.

கல்கத்தாவின் மற்றொரு மூலையில், காளிகாட் கோவிலைச் சுற்றி, பட்டுவாக்கள் மலிவான ஆலைக்காகிதத்தில் நீர்வண்ணம் தோய்ந்த தூரிகையை ஒரே வீச்சில் இழுத்து, உடலின் விளிம்பில் கருத்தும் உள்ளே வெளுத்தும் நிற்கும் நிழலை நொடியில் எழுதிக்கொண்டிருந்தனர். அது பிரிட்டிஷ் நீர்வண்ணத்தின் தாக்கம் என்று டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் வாதிட்டார். அதை மறுத்தோரும் உண்டு. அவ்வாதம் எப்படி முடிந்தாலும், அந்நிழலுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைத்திருக்காது.

*

சென்னைக் கலைப்பள்ளியில் 1884 முதல் பணியாற்றிய எர்னஸ்ட் பின்ஃபீல்டு ஹேவெல், 1896இல் கல்கத்தா பள்ளியின் தலைமையை ஏற்றார். வார்ப்புச் சிலைகளைப் பார்த்து வரையும் பயிற்சியை அவர் விலக்கினார். ஓவியக்கூடத்திலிருந்த ஐரோப்பியப் படங்களை அகற்றி முகலாயச் சிற்றோவியங்களைச் சேர்க்க முனைந்தார். மாணவர்கள் இதனை வரவேற்றிருப்பார்கள் என்று இன்றைய வாசகர் நினைக்கக்கூடும். நடந்ததோ நேர்மாறானது. தங்களுக்கு உரிய உயர்கல்வி பறிக்கப்படுகிறது என்று மாணவரும் வங்கப் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தனர். ரணதா பிரசாத் குப்தா பள்ளியிலிருந்து வெளியேறி, 1897இல் ஜூபிலி ஆர்ட் அகாடமியைத் தொடங்கி, விலக்கப்பட்ட அந்த ஐரோப்பிய முறையையே தொடர்ந்து கற்பித்தார். இவர்களைக் காலனிய மயக்கத்தில் ஆழ்ந்தவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. வார்ப்புச்சிலையின் நிழல் அவர்களுக்குப் பிழைப்பும் சமத்துவத்துக்கான வாதமும் ஆகும். அதை ஆங்கிலேயர் ஒருவர், இந்தியாவின் நன்மைக்காகவே என்றாலும், தன்னிச்சையாக எடுத்துவிட்டார் என்பதில் அவர்கள் கண்ட அவமதிப்பு கற்பனையானதன்று.

ஹேவெலின் துணையோடு எழுந்த அபனீந்திரநாத் தாகூரின் பயிற்சி, இப்பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. அவர் 1890களில் கல்கத்தா கலைப்பள்ளியின் துணைமுதல்வராயிருந்த இத்தாலியர் ஒலிந்தோ கிலார்தியிடம் தனியே கற்றது பாஸ்டல். வண்ணப்பொடியை விரலாலும் ஸ்டம்பாலும் தேய்த்துக் கலக்கும் கலையில் தலையாயது அது. பின்னர் சார்லஸ் பாமரிடம் ஆங்கில முறையைப் பயின்றார். 1903இல் ஜப்பானிலிருந்து யோகோயாமா தாய்க்கானும் ஹிஷிதா ஷுன்ஸோவும் கல்கத்தாவுக்கு வந்தனர். மைக்கோட்டை விடுத்து, ஈரநிறத்தை உலர்தூரிகையால் பரப்பிப் பனிமூட்டம்போல் எழுதிய இவ்விருவரின் பாணியை ஜப்பானிய விமர்சகர்கள் ‘மோரோதாய்’, அதாவது மங்கல்பாணி, என்று எள்ளினர். தாய்க்கான் படத்தை நீரால் நனைத்து வேலைசெய்வதைக் கண்ட அபனீந்திரநாத், தீட்டிய படத்தை முழுமையாக நீரில் அமிழ்த்தி எடுத்து, உலரவிட்டு, மீண்டும் தீட்டும் ‘வாஷ்’ முறையை வளர்த்தெடுத்தார். கருவி மாறியது: கோல் போய் நீர் வந்தது. கரையாத பொடியைத் தேய்த்த இடத்தில் கரையும் வண்ணம் தானே கசிந்தது. ஆனால் விளிம்பும் கைத்தடமும் கரைந்துபோன மென்மையே உயர்வின் அடையாளம் என்ற சுவை, ஐரோப்பிய வார்ப்புச்சிலை வகுப்பிலிருந்து சுதேசி ஓவியத்துக்குச் சேதமின்றி இடம்பெயர்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கிராம்ரிஷ் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த கல்கத்தா இதுதான். இந்திய ஓவியத்தில் நிழல் இல்லை என்ற பழைய குற்றச்சாட்டுக்கு, ‘இதோ, எங்கள் நூலிலேயே மூவகை நிழல் கூறப்பட்டுள்ளது’ என்று காட்ட முடிந்தது அந்நாளில் பெரும் வலிமை. அவ்வலிமைக்குக் கொடுத்த விலை, குற்றம் சாட்டியவர்களின் அளவுகோலை ஏற்றுக்கொண்டதாகும். அளவுகோல் கையில் இருந்தபோது அதன் சொல்லும் கூடவே வந்தது.

*

சொல்லை நீக்கிவிட்டு ஓவியத்தைப் பார்த்தால் வேறொரு காட்சி தென்படுகிறது. அஜந்தாச் சுவர்களில் கன்னமும் தோளும் திரண்டு நிற்பது உண்மை. ஆனால் எந்தச் சாளரத்திலிருந்து ஒளி வருகிறது என்று அங்கே கேட்க முடியாது. விளிம்பு நெருங்க நெருங்க வண்ணம் அடர்கிறது, மையத்தில் வெளுக்கிறது; நிலத்தில் உடலின் நிழல் விழுவதில்லை. வர்த்தனை ஒளியைப் பின்பற்றுவதில்லை. உருவின் உயரத்தாழ்வைச் சொல்கிறது. ஜான் கிரிஃபித்ஸ் தலைமையில் 1872 முதல் 1885 வரை அச்சுவர்களைப் படியெடுத்த பம்பாய் மாணவர்கள், வார்ப்புச்சிலையின் முன் பழகிய கையோடு இதனை எதிர்கொண்டவர்கள்.

முகலாயக் கூடத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஆல்பிரெக்ட் டியூரரின் செதுக்குப்படம் ஒன்றிலிருந்து யோவானின் உருவை, 13 வயதான அபுல் ஹசன் 1600இல் வரைந்த படம் ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. உளியால் செப்பில் வெட்டிய கோடுகளின் பின்னலை அச்சிறுவர் மெல்லிய தூரிகைத் தடங்களால் மென்திரட்சியாக மாற்றினார். அவர் எதையும் தேய்க்கவில்லை. கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத அளவுக்குத் தடங்களை நுண்ணியதாக்கினார். ‘மிக நுண்ணியது’ என்ற சித்திரசூத்திரத்தின் விளக்கம் ஆயிரமாண்டுக்குப் பிந்திய இவ்வேலைக்கு எத்துணைப் பொருந்துகிறது என்பது எண்ணத்தக்கது. ஐரிகம் என்பதைத் தேய்ப்பு என்று கொள்வதைவிட, கோடு கோடாகவே இருந்து கண்ணை விட்டு மறையும் அளவு மெலிவது என்று கொள்வது நூலின் சொல்லுக்கும் பொருள்களின் இயல்புக்கும் நெருக்கமானது.

தேய்ப்பு இங்கே இல்லாமல் இல்லை. அது வேறிடத்தில் இருந்தது. முகலாய, ராஜபுத்திர ஓவியர் ஓவியத்தை வழவழப்பான பலகைமேல் முகம்கவிழ்த்து வைத்து, பின்புறத்திலிருந்து அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். அதனால் வண்ணப்படலம் இறுகி ஒளிரும். ஆனால் ஒரு வண்ணம் மற்றொன்றோடு கலப்பதில்லை, கோடு கலைவதில்லை.

*

வண்ணப் பென்சில் இவ்வரலாற்றில் காலந்தாழ்ந்து வந்த விருந்தாளி. நூரம்பர்க்கின் ஜே. எஸ். ஸ்டெட்லர் 1834இல் எண்ணெய்ச்சார்புள்ள வண்ணத் தண்டுகளை மரத்தில் பொதிந்து தந்தார். ஏ. டபிள்யூ. ஃபேபர் நிறுவனம் 1908இல் 60 வண்ணங்களில் பாலிக்குரோமோஸ் வரிசையைக் கொண்டுவந்தது. நீரில் கரையும் பிரிஸ்மாலோவை ஜெனீவாவின் காரன் டாஷ் 1931இல் வெளியிட்டது. மெழுகு மிகுந்த பிரிஸ்மாகலரை அமெரிக்காவின் ஈகிள் பென்சில் நிறுவனம் 1938இல் தந்தது. இவை வந்த பிறகும் நெடுநாள் வரை வண்ணப் பென்சில் வரைபடம் குறிப்பவர், கணக்கர், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், பள்ளிப்பிள்ளை ஆகியோரின் பொருளாகவே இருந்தது. ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் இந்திய அலுவலகக் கோப்புகளில் அதிகாரத்தின் குரலாகவே ஒலித்தது. அமெரிக்க வண்ணப் பென்சில் ஓவியர் சங்கம் தோன்றியது 1990இல்தான்.

இப்பென்சிலின் தண்டு கிராபைட் தண்டைப்போல் சூளையில் சுடப்படுவதில்லை. சுட்டால் வண்ணம் அழிந்துவிடும். நிறமி, களிமண் அல்லது டால்க் போன்ற நிரப்பி, பசை, மெழுகு அல்லது எண்ணெய் ஆகியவற்றின் கலவை அது. நிறமித்துகள் ஒவ்வொன்றையும் மெழுகு போர்த்தியிருப்பதால் அது உதிராது. உதிராததால் ஸ்டம்புக்குப் பிடிகொடுக்காது. அழுத்தித் தேய்த்தால் உராய்வின் வெம்மையில் மெழுகு சற்றே இளகி நகரும். ஆனால் அதற்குள் காகிதத்தின் சொரசொரப்பு நசுங்கி, மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும். அதன்மேல் அடுத்த வண்ணம் ஏறாது வழுக்கும். கிராபைட்டில் பழகிய கையோடு வண்ணப் பென்சிலுக்கு வரும் மாணவர் முதலில் இடறும் இடம் இது. சில வகைகளில் நாட்கள் செல்லச்செல்ல மெழுகு மேலெழுந்து வெண்புகைபோல் படர்வதும் உண்டு.

கரைப்பான் இங்கேதான் நுழைகிறது. டர்பன்டைனோ மணம் நீக்கிய மினரல் ஸ்பிரிட்டோ சிறிதளவு பட்டால் மெழுகு கரைந்து, நிறமி விடுதலை பெற்று, காகிதப் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. இடையிடையே தெரிந்த வெண்புள்ளிகள் மறைகின்றன. கரைப்பான் ஆவியானதும் வண்ணம் பள்ளத்திலேயே தங்கிவிட, மேடு மீண்டும் வண்ணம் ஏற்கும் நிலையில் நிற்கிறது. ஸ்டம்பால் தேய்த்தது காகிதத்தின் வாயை அடைத்தது. கரைப்பான் அதைத் திறந்தே வைக்கிறது. அதே ஸ்டம்பின் முனையைக் கரைப்பானில் தொட்டு, துணியில் ஒற்றி, நிறத்தின்மேல் இழுத்தால் அது ‘சாஸ்’ காலத்தைப்போல மீண்டும் தூரிகையாகிறது. கரைப்பானில் தோய்ந்த வெளிர்நிற முனையை அடர்நிறத்துக்குக் கொண்டுசெல்லாமல் இருப்பதும், கனமான பருத்திக்காகிதத்தில் மட்டும் இதைச் செய்வதும் பட்டறிவு. மெல்லிய சார்ட் தாளில் செய்தால் பின்புறம் எண்ணெய்க்கறை ஊறும். குழந்தைகளுக்கான எண்ணெயைப் பூசும் வழக்கமும் பரவியுள்ளது. அது ஆவியாகாத கனிம எண்ணெய் ஆதலால் காகிதத்திலேயே தங்கிவிடும். மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை.

தமிழ்க் கடைகளில் கற்பூரத் தைலம் என்றும் வழங்கும் டர்பன்டைனுக்கு இந்தியாவில் தனிவரலாறு உண்டு. இமயச்சரிவின் சிர் பைன் மரத்தைக் கீறி வடித்த பிசினைக் காய்ச்சி, ரோசினையும் டர்பன்டைனையும் பிரித்தெடுக்கும் தொழிலை ஆங்கிலேய அரசின் வனத்துறை வளர்த்தது. இதற்காகவே கால்நடைக்கும் விறகுக்கும் உதவும் ஓக் மரங்களைவிடச் சிர் பைன் மேலானதாக நடத்தப்பட்டது. 1921இல் குமாவுன் மலைமக்கள் வனக்கட்டுப்பாட்டை எதிர்த்து எழுந்தபோது எரிந்தவற்றில் பெரும்பகுதி சிர் பைன் காடுகளே. அதே காலத்தில் ஜான் லயனல் சைமன்சன், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றவர், இந்திய டர்பன்டைனை ஆராய்ந்து ‘கரீன்’ என்ற சேர்மத்தைப் பற்றி 1920இல் எழுதினார். ஐரோப்பிய ஓவியர் பழகிய பிரெஞ்சு டர்பன்டைன் பெரும்பாலும் பைனீனால் ஆனது. இந்தியச் சரக்கில் கரீன் மிகுதி. இது வேதியியல் நுணுக்கம் மட்டுமன்று. காற்றுப்பட்ட கரீனிலிருந்து உண்டாகும் பெராக்சைடுகளே டர்பன்டைனால் வரும் தோலழற்சிக்கு முதன்மைக் காரணம் என்று 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நெடுநாள் திறந்துவைத்த பழைய புட்டியே புதியதைவிடக் கையைப் புண்ணாக்கும் என்பது இதன் பொருள். மூடிய விடுதி அறையில் விரலால் டர்பன்டைனைத் தேய்க்கும் மாணவரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

*

வண்ணப் பென்சிலைக் கையாளத் தெரிந்தோர் இன்று கற்பிக்கும் முறைகளைச் சித்திரசூத்திரத்தின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால், பொருத்தம் எதிர்பாராத இடத்தில் அமைகிறது. குறுக்குக்கோடுகளால் நிழலிடுவது பத்ரஜத்துக்கு உறவு, புள்ளியிடுவது பிந்துஜம். கூர் சீவிய முனையால், அழுத்தமே இல்லாமல், பத்துப் பதினைந்து மென்படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கோடு தெரியாத நிறத்தை அடைவதே ஐரிகத்துக்கு மிக நெருங்கியது. அதில் ஸ்டம்புக்கு வேலையில்லை. கரைப்பான் இம்மூன்றிலும் அடங்காதது. அது அபனீந்திரநாத்தின் நீர்த்தொட்டிக்கு உறவினர். அதைக் குறையென்று கூற வேண்டியதில்லை. ஆனால் புகைப்படம்போல இருக்கிறது என்ற ஒரே பாராட்டுக்காக ஒவ்வொரு கன்னத்தையும் கரைத்து வழுவழுப்பாக்கும் பழக்கம் எந்தத் தேர்வறையிலிருந்து வந்தது என்று தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் வேறுபாடு உண்டு. 1880களில் ஜார்ஜ் செரா, கோந்தே கோலைச் சொரசொரப்பான காகிதத்தின்மேல் மெல்ல ஓட்டி, எதையும் தேய்க்காமலே, காகித மேடுகள் பற்றிய கருமையால் மட்டும் மாலைநேர மங்கலை எழுதினார். ஜாமினி ராய் கல்கத்தா பள்ளியில் கற்ற எண்ணெய்வண்ணத் திறனைத் துறந்து பட்டுவாக்களின் கோட்டுக்குத் திரும்பினார். வாஷ் முறையில் வளர்ந்த நந்தலால் போஸ் 1938இல் ஹரிபுரா காங்கிரசுக்குத் தீட்டிய பலகைகளில் கோடு ஒளிவுமறைவின்றி நிற்கிறது.

குருவாயூரில் 1989 முதல் இயங்கும் சுவரோவியப் பள்ளியில் கேரள மரபின்படி நிழல் இன்றும் தூரிகைமுனையின் புள்ளிகளாலேயே இடப்படுகிறது. கோரைப்புல் தூரிகையின் நுனி தொட்டுத்தொட்டு நகர, தெய்வத்தின் கன்னத்தில் பச்சை மெல்ல அடர்ந்துவருகிறது. அருகே நின்று பார்ப்பவருக்கு ஒவ்வொரு புள்ளியும் தெரியும். நான்கடி விலகினால் தெரியாது.